சார்ஜ் ஏறாத டேப்பும் என் கொழுந்தியாளின் கேள்வியும்

இதை எழுத உட்காருவதும் எழுந்து போவதுமாகச் சில வருஷங்களைக் கழித்துவிட்டேன். காரணம் வெட்கம்தான். வாழ்நாள் முழுக்கப் பம்புசெட் பட்டறையில் மோட்டார் ரிப்பேர் பார்த்தவன், வீட்டிலிருந்த ஒரு டேப்பை என்ன பாடு படுத்தினேன் என்பதைத் தானே எழுதிவைக்க வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் போன மாதம் அன்னூரில் ஒரு கல்யாணப் பந்தியில், எனக்குப் பின்வரிசையில் யாரோ இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் நான் டேப்புக்குப் பாலாபிஷேகம் செய்திருந்தேன். பஞ்சாமிர்தமும் உண்டு. கேட்டவர்களுக்குச் சிரிப்பில் சோறு புரையேறியது. இனியும் சும்மா இருந்தால், அடுத்த கல்யாணத்துக்குள் அந்த டேப்பை நான் தெப்பக்குளத்தில் முழுக்காட்டியிருப்பேன் என்று பயந்துதான் எழுதுகிறேன்.

டேப் என்றால் அந்தப் பெரிய பலகை போன். என் மகள் வேலைக்குப் போன புதிதில் ஒரே மாதிரி இரண்டு வாங்கினாள். ஒன்று எங்களுக்கு. இன்னொன்று அவள் சித்திக்கு, அதாவது என் மனைவியின் தங்கைக்கு. கொழுந்தியாளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அந்தக் காலத்தில் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. அதனால் எழுத்தும் தெரியாது. அக்காளும் தங்கையும் சின்ன வயதில் தாங்களாகவே ஒரு கைப்பாஷை உண்டாக்கிக்கொண்டார்கள். அது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் முழுசாகப் புரியும். ஒவ்வொரு ஆளுக்கும் அதில் ஒரு அடையாளம் இருந்தது. என் அடையாளம், மூன்று விரலால் நெற்றியில் பட்டை இழுப்பது.

கல்யாணம் ஆகி அவள் வடக்கே ஒரு மில் ஊருக்குப் போய்விட்டாள். டேப் வந்த பிறகுதான் அக்காளும் தங்கையும் மறுபடி பேச ஆரம்பித்தார்கள். சின்ன போனில் முகம் தெரிந்தால் கை தெரியாது, கை தெரிந்தால் முகம் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் அவர்களுக்குப் பேச்சு. டேப்பைத் தாங்கியில் செங்குத்தாக நிறுத்தி, விளக்கு வைத்த கையோடு என் மனைவி அதன் முன்னால் உட்காருவாள். ஒரு சத்தம் இருக்காது. வளையல் மட்டும் குலுங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த டேப்தான் சார்ஜ் ஏறாமல் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

முதலில் மெதுவாக ஏறியது. பிறகு, வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் ஏறும் என்றானது. பிறகு, சார்ஜ் ஆகிறது என்று படம் காட்டிக்கொண்டே எண் கீழே இறங்கியது. நான் விடுவேனா? சார்ஜரை மாற்றினேன். வயரை மாற்றினேன். பிளக்கைச் சமையலறையில் செருகிப் பார்த்தேன், படுக்கையறையில் செருகிப் பார்த்தேன். வோல்டேஜ் குறைவு என்று மின்சார ஆபீசையும் ஒரு மூச்சுத் திட்டினேன். கடைசியில் வயரை வளைத்து ரப்பர் பேண்டு போட்டு, அது நகராமல் இருக்க அரிசிப் படியைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்தேன்.

"ஏனுங்க, படிய வெச்சுட்டீங்க. உலைக்கு அரிசி எதுல அளக்கறதுங்க?"

"கையால அள்ளிப் போடு அம்மணி. கரெண்டு ஏறீட்டிருக்குது."

"எங்கீங்க ஏறுது? காத்தால அம்பதுன்னு இருந்துச்சு, இப்ப முப்பதுன்னு காட்டுது. உங்க கைராசிக்கு மோட்டாரே தேவலைங்க."

காந்திபுரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெண் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது ரொம்பப் பழசுங்க சார், பார்ட்ஸ் வராதுங்க. புதுசு பாத்துக்கங்க" என்றாள். புதுசு வாங்க அப்போது கையில் வசதி இல்லை. மகளிடம் கேட்கலாம்தான். மாப்பிள்ளைக்கு வேலை போயிருந்த நேரம், வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மனைவி கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அவ ஊட்டுக்காரரு நல்லவருதானுங்க. ஆனா அவருக்குத் தெரிஞ்ச சாடையெல்லாம் சோறு, காப்பி, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். மனசுல இருக்கறத அவ யார்கிட்டங்க சொல்லுவா? இது போச்சுன்னா, அவளுக்கு இருக்கற ஒரு வாயும் போச்சுங்க."

டேப் வந்ததிலிருந்தே நான் செய்துவந்ததையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய வைத்தியம் திருநீறு. ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எல்லா மோட்டாருக்கும் பட்டை போட்டுச் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். அந்தப் பழக்கத்தில் டேப்புக்கும் வைத்தேன். வருஷத்துக்கு ஒரு நாள் என்றிருந்தது, வெள்ளிக்கிழமைதோறும் ஆயிற்று. அப்புறம் தினமும் ஆயிற்று. எங்கள் வீட்டில் நான் பூசாத பொருள் இல்லை. கேஸ் சிலிண்டருக்கும் உண்டு, மொபட்டுக்கும் உண்டு.

ஆரம்பத்தில் டேப்பின் மேல் விளிம்பில்தான் இட்டேன். அது கேமராவில் பட்டு, "அவளுக்கு நான் பனிமூட்டத்துல உக்காந்த மாதிரி தெரியறனாமுங்க" என்று என் மனைவி கத்தினாள். சரி, நெற்றி வேண்டாம், வாசலுக்கு வைப்போம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு நிலைவாசலில் மஞ்சள் குங்குமம் வைக்கிறோம் அல்லவா? லட்சுமி உள்ளே வரும் வழி அது. டேப்புக்குள் சக்தி வரும் வழி எது? வயர் செருகும் ஓட்டை. ஆகவே தினமும் பூஜை முடிந்ததும், கீழ் விளிம்பில், அந்த ஓட்டையின் மேலேயே, கட்டைவிரலால் திருநீற்றை அழுத்தி ஒரு கோடு இழுப்பேன். வெள்ளிக்கிழமையானால் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம். இவ்வளவு யோசித்துச் செய்ததை நினைத்து எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சார்ஜ் ஏறாமல் போகப் போக, கண்திருஷ்டி என்று நினைத்தேன். திருநீறு கூடியது. கடைக்காரப் பெண் கைவிட்ட மறுநாள் அவிநாசிக் கோயிலுக்கே பஸ் ஏறிவிட்டேன். "அப்பனே, ஒரு வாயில்லாப் பிள்ளையின் பேச்சு இதில் இருக்கிறது, நீதான் ஒரு வழி விட வேண்டும்" என்று சந்நிதியில் நின்று வேண்டினேன். நெஞ்சாரத்தான் வேண்டினேன். திருநீற்றை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்று மாலை இரண்டு விரல் நிறைய எடுத்து அந்த ஓட்டையில் அப்பினேன்.

மறுநாள் வயர் உள்ளேயே போகவில்லை. பாதியில் முட்டி நின்றது. டேப்பின் உடம்பு வீங்கிவிட்டது என்று என் மனைவியிடம் சொன்னேன். பட்டறையில் அப்படி ஒரு பதிலை வேலையாள் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அன்று மாலை மிச்சமிருந்த கொஞ்சம் சார்ஜில் அக்காளும் தங்கையும் பேச உட்கார்ந்தார்கள். இதுதான் கடைசிப் பேச்சோ என்று என் மனைவி நினைத்திருக்க வேண்டும். அவள் கைகள் வழக்கத்தைவிட வேகமாக ஓடின. நான் பூஜையை முடித்துவிட்டுத் திருநீற்றுத் தட்டோடு வந்தேன். வழக்கம்போல் குனிந்து, டேப்பின் கீழ் விளிம்புக்கு விரலைக் கொண்டுபோனேன்.

அந்தப் பக்கம் கொழுந்தியாளின் கை சட்டென்று நின்றது. பிறகு என் அடையாளத்தைக் காட்டினாள், நெற்றியில் மூன்று விரல். அடுத்து வேறு ஏதோ காட்டினாள். என் மனைவி முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தி, என் கட்டைவிரலைப் பார்த்தாள். அப்புறம் டேப்பின் அடியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க."

"என்ன அம்மணி?"

"அவ கேக்கறாளுங்க. 'மச்சான் டெய்லி மண்டைய மண்டைய நீட்டிக்கிட்டு வந்து, கீழ இதுக்கு என்னத்தை ஊட்டறாரு?'ன்னு கேக்கறா."

"ஊட்டறதா? திருநீறு வெக்கறேன்னு சொல்லு."

"எங்கீங்க வெக்கறீங்க?"

நான் விரலால் காட்டினேன். காட்டும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து டேப்பும் அணைந்தது. கறுப்புத் திரையில் என் நெற்றிப் பட்டை மட்டும் தெரிந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் என் மனைவி. நான் எதற்குத்தான் பூசவில்லை? அவள் கண்ணுக்கு அது பழகிப்போயிருந்தது. எங்கேயோ வடக்கே இருந்தவளுக்குத்தான் அது புதிதாகப் பட்டது.

"மோட்டாரு தண்ணி எடுக்கலைன்னு வாரவங்ககிட்ட மொதல்ல என்னங்க கேப்பீங்க?" என்றாள் என் மனைவி.

கிணற்றுக்குள் கிடக்கும் குழாயின் அடிவாயில் சேறு அடைத்தால் எவ்வளவு நல்ல மோட்டாரும் தண்ணீர் எடுக்காது. 'அடியில வாய் அடைச்சிருக்குதான்னு பாத்தீங்களா?' என்று விவசாயிகளை எத்தனை ஏளனமாகக் கேட்டிருப்பேன். என் வீட்டில் அடைத்துக்கொண்டிருந்தது மட்டும் என் கண்ணில் படவில்லை. அடைத்தவனே நான்தானே.

டார்ச் அடித்துப் பார்த்தோம். ஓட்டை என்றே ஒன்று இல்லை, சுவர் வைத்துப் பூசினாற்போல் இருந்தது. நான் ஊக்கை எடுத்தேன். "கம்பி போட்டு நோண்டி மிச்சத்தையும் முடிச்சுப்போடாதீங்க" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு, பல்குத்தும் மரக்குச்சியைக் கொடுத்தாள். டேப் முழுக்க அணைந்துதான் இருந்தது. கவிழ்த்துப் பிடித்து, நுனியால் மெல்ல மெல்லச் சுரண்டினேன். வெள்ளை வந்தது. மஞ்சள் வந்தது. சிவப்பு வந்தது. மறுபடி வெள்ளை. சந்தனத்தில் குழைந்து இறுகிய திருநீறு, பர்பித் துண்டு போலப் பெயர்ந்து விழுந்தது. வாயால் ஊதப் போனவனை, எச்சில் ஈரம் படும் என்று தடுத்தாள். காய்ந்த பழைய பிரஷ்ஷால் கடைசித் தூசியைத் தட்டினோம்.

காகிதத்தில் ஒரு சின்னக் குவியல் சேர்ந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. திருநீறாயிற்றே, அதிலும் அவிநாசித் திருநீறு. எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டேன்.

"அரிப்பு வந்துச்சுன்னா என்கிட்ட வராதீங்க" என்றாள்.

வயரைச் செருகினேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பம்பில் தண்ணீர் ஏறி விழும் சத்தம்கூட என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை. ஈரச் சந்தனம் உள்ளே எதையோ கொஞ்சம் அரித்திருக்க வேண்டும். இன்றுவரை அது மெதுவாகத்தான் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் ஏறுகிறது. படி அரிசிப் பானைக்குத் திரும்பிவிட்டது.

ஆண்டவனிடம் வழி விடச் சொல்லி வேண்டினேன். வழியை மறித்துக்கொண்டு நின்றவன் நான். அவன் அதை எனக்குச் சொல்ல வாய் பேசாத அந்தப் பிள்ளையையே அனுப்பினான் என்றுதான் இன்றும் நம்புகிறேன். திருநீற்றை நான் விடவில்லை. டேப்புக்கு முதுகில், நடுவில் ஒரு சின்னக் கீற்று, அதுவும் என் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்.

மறுநாள் மாலை கொழுந்தியாள் திரையில் வந்தாள். அக்காள் நடந்ததையெல்லாம் கையால் சொல்ல, அவள் உடம்பு குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் அடையாளத்தை அன்றே மாற்றிவிட்டாள். இப்போது நெற்றியில் மூன்று விரல் இழுத்து, அதோடு வாயைத் திறந்து கட்டைவிரலை உள்ளே திணித்துக் காட்டுவாள். அதுதான் இப்போது நான். அவர்கள் பேச்சில் அது எத்தனை முறை வருகிறது என்று பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொள்வேன். வராத நாள் எனக்கு என்னவோ போல் இருக்கும்.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். யார் வீட்டிலாவது ஒரு ஓட்டை திறந்தால் புண்ணியம். ஆனால் இருந்தபடியே சொல்லுங்கள். திருநீறு உண்டு, சந்தனம் உண்டு, குங்குமம் உண்டு. பால் கிடையாது. பஞ்சாமிர்தம் சத்தியமாகக் கிடையாது. என்னைக் குறைத்தும் சொல்ல வேண்டாம், என் கொழுந்தியாளை விட்டுவிட்டும் சொல்ல வேண்டாம். பந்திகளில் சொல்கிறவர்கள் எல்லாரும் விட்டுவிடுவது அவளைத்தான்.