சித்தாண்டி வளவின் தகரங்கள்

சாலிஹ் ஹாஜியார் நிஸ்மியாவை வேலைக்கு எடுத்ததற்கு அவளுடைய கெட்டித்தனம் காரணமல்ல. பெரிய காணிகளை வாங்கித் துண்டு துண்டாகப் பிரித்துத் தவணைக்கு விற்பவர் அவர், ஏறாவூரில் கடை. வாங்கியவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில், வீட்டில் இருப்பது பெண்கள். பாக்கி கேட்டு ஆண்பிள்ளை போனால் கதவு திறக்காது, பெண் போனால் திறக்கும். அவ்வளவுதான். நிஸ்மியாவும் அவரிடம் ஒரு துண்டு வாங்கியவள்தான். மாப்பிள்ளை மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு தவணை கட்ட வழியில்லாமல் போய் நின்றபோது, "வேலை செஞ்சு கழி புள்ள" என்றார்.

தொடக்கத்தில் போகிற வீடுகளில் தேத்தண்ணி கிடைத்தது. நாட்டில் பெற்றோலும் பால்மாவும் இல்லாமல் போன வருடத்தோடு அது நின்றது. பிறகு அவளுடைய ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலே வீட்டு வளவுகளில் பேச்சு அடங்கிவிடும். பனிச்சங்கேணியில் ஒருத்தி கட்டிலுக்கடியில் ஒளிந்துகிடந்து தும்மியதைக் கேட்டும், நிஸ்மியா கேளாதவள்போலத் திரும்பியிருக்கிறாள்.

சித்தாண்டிக் கஜானி ஒளியவில்லை. அவளுடைய புருஷன் குவைத்திலிருந்து அனுப்பிய காசில் காணியில் இரண்டு அறை எழும்பிக் கூரைக்குத் தகரமும் போட்டாயிற்று. அதன் பிறகு அவன் போன் எடுப்பதில்லை. கஜானி வயல் வேலைக்குப் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பார்த்தாள். மார்கழி வெள்ளம் வயல் வட்டை முழுவதையும் மூடிய பிறகு அந்தக் கூலியும் இல்லை. தவணை தொடர்ந்து தவறினால் காணி ஹாஜியாருக்கே திரும்பும், கட்டிய காசும் கிடையாது என்பதுதான் வாங்கும்போது பேசிய பேச்சு.

காணியைத் திருப்பித் தருவதாகக் கஜானியிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லி ஹாஜியார் தாளை நீட்டியபோது நிஸ்மியா கேட்டுப் பார்த்தாள். "வீடு கட்டினது அவட காசில, ஹாஜியார். அதுக்காவது ஏதும் குடுங்களன்."

"நான் கட்டச் சொன்னனா? நிலத்தில நிக்கிறது நிலத்தோட சேத்தி. ஒரு ஆணியும் கழட்டப்படாது எண்டு சொல்லு."

கஜானி தாளை வாசிக்கவில்லை. "எங்க வைக்கோணும் ராத்தா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். பேனையைத் திருப்பிக் கொடுக்காமல் கேட்டாள்.

"வீட்ட விட்டுத்தாறன். தகரத்த மட்டும் கழட்டிட்டுப் போகவா? அம்மாட வீட்டோட ஒரு பத்தி இறக்கினா நானும் புள்ளையளும் படுப்பம்."

ஹாஜியாரின் சொல் நிஸ்மியாவின் தொண்டைவரை வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நாளைக்கு நான் இந்தப் பக்கம் வரமாட்டன். நாளண்டைக்குத்தான் திறப்பு எடுக்க வருவன்."

சொன்னபடி நிஸ்மியா வந்தபோது சுவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன. கூரையில்லாத வீட்டை ஒழுங்காகப் பூட்டி, திறப்பைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள் கஜானி.

கடையில் திறப்பைக் கொடுத்து, கூரை இல்லை என்றாள். "எங்க தகரம்?" என்றார் ஹாஜியார்.

"நான் போகக்குள்ள இல்ல."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தாள். அதற்குப் பதிலும் வைத்திருந்தாள். அவர் கத்தவில்லை. "சரி. வெலைய உண்ட கடன் கணக்கில போடுறன்" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வேலையை விட்டுவிடலாம் என்று வீடுவரை யோசித்தபடி வந்தாள். காலையில் வழக்கம்போல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு வேறொரு பாக்கிக்காகச் சித்தாண்டிக்குப் போனபோது, ஒரு வளவில் வீட்டோடு சாய்த்து இறக்கிய பத்தியில் அந்தத் தகரங்களைக் கண்டாள். கீழே அடுப்புப் புகைந்தது. நன்றியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசலாம் என்று நின்றாள்.

கஜானி வேலிவரை வந்தாள். "இன்னும் என்ன எடுக்க வந்தீங்க ராத்தா?"

"ஒண்டுமில்ல புள்ள. சும்மா பாத்துட்டுப் போக."

"பாத்தாச்சுதானே."

கஜானி உள்ளே போய்விட்டாள். அதே தெருவில் இரண்டு வளவு தள்ளித்தான் அன்று கேட்க வேண்டிய வீடு. நிஸ்மியா ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போய் அந்தப் படலையைத் தட்டினாள்.