கேப்டனுக்கு ஒரு மேஜை

கடலைப் பார்த்த அந்த உணவகத்தில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்பார்கள். கப்பல் கேப்டன் என்று நினைத்துவிட வேண்டாம், அலை காலில் பட்டாலே பதறுகிற மனுஷன். பரிமாறுகிறவர்களுக்கெல்லாம் மேலாள், அவ்வளவுதான். பாரில் யார் இரண்டு கிளாஸுக்குப் பிறகு அழுவார், எந்தத் தம்பதி சண்டையோடு வந்திருக்கிறது என்பதையெல்லாம் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். ஊரார் பிறந்தநாளுக்கெல்லாம் கைதட்டிப் பாடி அவர் தொண்டை தேய்ந்ததுதான் மிச்சம். குடும்பம் குடும்பமாக நிற்கவைத்துப் படம் எடுத்துக் கொடுப்பார். எந்தப் படத்திலும் அவர் இருக்கமாட்டார்.

அவருடைய சாப்பாடு சமையலறைக் கதவோரம், நின்றுகொண்டே. கையில் தட்டு, கண் ஹாலில். சைக்கிள் கடை மாடியில் இருக்கும் வாடகை அறையிலும் அதே கதைதான். ஒரு நாற்காலி உண்டு, அதில் சட்டை காயும். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளைகுட்டி இல்லை. வார லீவு என்றால் பிறருக்குக் கொண்டாட்டம், திங்கட்கிழமை வரும் தன் லீவு இவருக்குத் தண்டனை. அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் எங்கே போகிறீர்கள் என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

கேட்கிற ஒரே ஆள் லாண்டரிக்காரம்மா. மேஜை விரிப்புகளை வெளுத்துக் கொண்டுவருகிறவள். கணவனை இழந்து, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகக் கடை நடத்துகிறாள். மத்தியானம் ஹால் காலியாகக் கிடக்கும்போது இருவரும் வெளுக்கப் போகும் விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிப்பார்கள்.

"இந்தக் கறை சாஸா, சண்டையா?" என்பாள்.

"சண்டைல கொட்டின சாஸ்" என்பார்.

அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் மனுஷன் தினமும் தலையை இரண்டு தடவை சீவிக்கொண்டு வந்தார். ஒருநாள் துணிந்து கேட்டும்விட்டார்.

"திங்கட்கிழமை சாயங்காலம் இங்க சாப்பிட வர்றீங்களா? விருந்தாளியா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நானும் உட்காருவேன்."

"நீங்க உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே! அதைப் பார்க்கவாவது வரேன்."

கேட்க நினைத்தது இதுதான்: மிச்ச காலத்தைச் சேர்ந்தே கழிக்கலாமா? கண்ணாடி முன் நின்று அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

திங்கட்கிழமை வந்தது. "அடேயப்பா, மாப்பிள்ளை வந்தாச்சு, வழி விடுங்கப்பா!" என்று சமையல்காரர் கிண்டலடித்தார். ஜன்னலோர மேஜை. லாண்டரிக்காரம்மா மடிப்புக் கலையாத நீல உடுப்பில் வந்து உட்கார்ந்தாள். கேப்டனும் உட்கார்ந்தார், முள்மேல் உட்கார்ந்த மாதிரி. சூப் வந்தது.

"கடையை வித்துட்டு என்கூட வந்து இரும்மான்னு பொண்ணு நச்சரிக்கிறா. இன்னைக்குப் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றாள் அவள், ஸ்பூனைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு இங்க யாராவது இருந்தா..."

பக்கத்து மேஜையில் ஒருவர் கையைத் தூக்கினார். கேப்டன் எழுந்துவிட்டார். பழக்கதோஷம்! "சொல்லுங்க சார்." அந்த ஆளுக்கு ஐஸ் வேண்டியிருந்தது. கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

"யாராவது இருந்தான்னு ஏதோ சொன்னீங்களே?"

"அப்புறம் சொல்றேன். மீன் ஆறுது."

முதல் வாய் எடுப்பதற்குள் கடற்கரையிலிருந்து ஒரு பெருங்கும்பல் மணலும் சிரிப்புமாக உள்ளே வந்தது. பரிமாறுகிறவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இதோ வந்துடறேங்க" என்று ஓடினார் கேப்டன். மேஜைகளை ஒட்டிப் போட்டார், குழந்தைக்கு உயர நாற்காலி தேடினார், பாருக்குக் குரல் கொடுத்து பீர் அனுப்பினார். அதில் அவருக்குச் சந்தோஷம் வேறு, அதையும் சொல்லத்தான் வேண்டும். நின்றால்தான் அந்த மனுஷனுக்கு உயிரே வருகிறது. தலையில் நாலு போடலாம் போல இருக்கிறது எனக்கு.

திரும்பி வந்தபோது அவருடைய மீன் விறைத்துக் கிடந்தது. அவள் சாப்பிட்டு முடித்து, கைத்துணியை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்து வைத்திருந்தாள். கடல் இருட்டிவிட்டதால் ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் மட்டும் தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க. நான் போகலேன்னா தடுமாறிப் போயிருப்பாங்க."

"பரவாயில்ல. எல்லாரையும் நல்லாத்தான் கவனிக்கிறீங்க." குரலை இறக்கிச் சொன்னாள். "ஏதோ கேக்கணும்னீங்களே. கேளுங்க."

அவர் உட்கார்ந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்குமோ என்னவோ. நின்றுகொண்டிருந்தார். இடுப்பு தானாக வளைந்தது, இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. மனப்பாடம் செய்தது எங்கோ போய்விட, வாய் தன் பாட்டுக்குத் திறந்தது.

"வேற ஏதாவது வேணுங்களா?"

அவள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்வாரென்று காத்திருந்தாள். அவர் அவளுடைய காலித் தட்டை ஓரமாக நகர்த்திவைத்தார்.

"இல்லீங்க. போதும்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கேப்டன் நாற்காலியைப் பின்னால் இழுத்துவிட்டார். முன்னால் போய்க் கதவையும் அவரே திறந்து பிடித்தார்.