அப்பா சொல்லாத பெயர்

கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்த ஒரு ஜோடிக் கறுப்புச் சப்பாத்து இன்றும் என் கண்ணில் நிற்கிறது. யட்டவத்தைப் பக்கம் ஒரு கொக்கோத் தோட்டத்தில், தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் வீடு. அப்பா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தார். குடும்ப விவரத்தைச் சரிபார்க்க அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த ஐயாவின் சப்பாத்து அது. அவர் படியேறும் முன்பே அப்பா என்னை உள்ளே தள்ளி, "இருமல் வந்தா வாயப் பொத்திக்க" என்று சொல்லிவிட்டார். அண்ணன்கள் இருவரும் திருநீறு பூசி வாசலில் நின்றார்கள். அவர்கள் பெயரை மட்டும் அப்பா சொன்னார். வேறு பிள்ளைகள் இல்லையா என்று கேட்டதற்கு, "இல்லீங்க" என்றார். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியில் வந்த எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் எந்த அரசாங்கத்தையும் நம்பவில்லை. நம்பும்படி யாரும் நடந்துகொள்ளவும் இல்லை. இங்கேயே இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்களையும் இந்தியாவுக்கு ஏற்றிவிடுகிறார்கள் என்று லயம் முழுக்கப் பேச்சு. பேர் கொடுத்தால் கப்பல்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஆனால் அப்பாவுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. தகப்பனோடு சேர்த்து, பெயர் கொடுத்த பிள்ளைகளுக்கும் கிடைத்தது. நான் மட்டும் எந்த நாட்டுக்கும் இல்லாதவளாக நின்றேன். பொட்டப்பிள்ளைதானே என்று கழித்துவிட்டார், வேறென்ன என்று நினைத்தேன். அந்த எண்ணம் வளர்ந்த பிறகும் என்னை விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொன்னபோதுதான் விஷயம் முற்றியது. அட்டை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. அப்பா என்னை மாத்தளைக் கந்தோருக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த அதிகாரி அப்பாவின் பழைய விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னைக்கு இல்லாத மகள் இன்னைக்கு எங்கேருந்து வந்தா? யாரோட பிள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

ஊரையே சந்தேகப்பட்ட அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப இவளுக்கு நெஞ்சுச்சளிங்க. கப்பல்ல போற சின்னப் பிள்ளைங்க வழியிலேயே செத்துப்போவுதுன்னாங்க. எங்கள ஏத்திட்டாலும் இவ என் தங்கச்சிக்கிட்ட உசுரோட கெடக்கட்டும்னு மறைச்சேங்க."

அதிகாரி தோட்டத்து மருத்துவிச்சியைக் கூட்டிவரச் சொன்னார். அவர் வந்து, இவளை என் கையால்தான் எடுத்தேன் என்று சாட்சி சொன்னார். அப்பாவின் மகளாக என் பெயரும் சேர்ந்தது, நானும் பிரஜை ஆனேன். ஆனால் அப்பா சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை. கந்தோரில் காரியம் ஆவதற்காகச் சொன்ன பேச்சு என்றே வைத்துக்கொண்டேன். அவர் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

இப்போது உக்குவளையில் சொந்த வீடு, இரண்டு மகள்கள். போன மாதம் புதிதாக வந்த கிராம சேவகர், ஒரு சின்னப் பெண், வீட்டில் இருப்பவர்களைப் பதிய வந்தாள். கணவர் பெயர், என் பெயர், மூத்தவள் பெயர் சொன்னேன். இளையவள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை.

"அவ்வளவுதானா அக்கா?"

"அவ்வளவுதான்."

அவள் தெருவில் இறங்கிப் போனாள். இன்றைக்கு எங்களை ஏற்றிப்போக எந்தக் கப்பலும் இல்லை. தெரிந்தும் என் கை கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது. மாத்தளைக் கந்தோரில் அப்பா சொன்னது பொய் இல்லை என்று இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலில் நின்று நம்பினேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

"மிஸ், கொஞ்சம் நில்லுங்க. எனக்கு இன்னொரு மக இருக்கா."