ரோஸ் நிறப் பல்சக்கரம்

சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் லோகநாயகி பல்செட் செய்கிறார். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, ஈறும் பல்லுமாக வார்த்து, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பது அவர் தொழில். நாற்பத்தாறு வயதில் அவருக்கு ரிமோட் கார் ஆசை பிடித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் ராமாமிர்தத்தோடு கடலூர் சில்வர் பீச்சுக்குப் போயிருந்தார். மணலில் சில இளைஞர்கள் கார் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று அவர் காலருகே சீறி வந்து, சட்டென்று வளைந்து போனது. கையிலிருந்த சுண்டலைக் கணவரிடம் கொடுத்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்தார்.

“தம்பி, கம்பியே இல்லாம இது எப்படி திரும்புது?”

காரை ஓட்டிய சார்லஸ் மூடியைக் கழற்றிக் காட்டினான். “இதான் ரிசீவரு, அக்கா. ரிமோட் சொல்றத இது வாங்கிக்கும். இந்தக் குட்டி மோட்டாரு சக்கரத்தத் திருப்பும். எல்லாம் நானே செஞ்சது.”

“நீயே செஞ்சியா?”

பஸ்ஸில் சிதம்பரம் திரும்பும்போதே, வாங்க வேண்டியதையெல்லாம் பட்டியல் போட்டுவிட்டார்.

மோட்டார், ரிசீவர், பேட்டரி, ரிமோட் எல்லாம் கூரியரில் வந்தன. அடித்தட்டைப் பிவிசி பலகையில் அறுத்துக்கொண்டார். டயருக்கு ரப்பர் செருப்பை வெட்டினார். மொட்டைமாடியில் முதன்முதலாக ஓட்டியபோது, இடப்பக்கம் திருப்பினால் கார் வலப்பக்கம் போனது.

“உன்ன மாதிரியே இருக்கு,” என்றார் ராமாமிர்தம்.

ரிமோட்டில் அதைச் சரிசெய்ய ஒரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. யாரிடமும் கேட்காமல் அவரே அதைக் கண்டுபிடித்தார்.

அடுத்த சோதனையில் கார் படிக்கட்டில் உருண்டது. மோட்டார் சுற்றியது, சக்கரம் அசையவில்லை. உள்ளே திறந்தால், பெரிய பல்சக்கரத்தில் மூன்று பற்கள் காணோம். புதிதாக வாங்கியிருக்கலாம். ஆனால் பல் போனதைப் பார்த்துச் சும்மா இருக்க அவரால் முடியவில்லை. உடைந்த இடத்தை மெழுகால் கட்டி, அச்செடுத்து, ஈறு வார்க்கும் ரோஸ் பவுடரிலேயே புதுச் சக்கரம் வார்த்தார்.

மாடியை ஒரு சுற்றுச் சுற்றியதும் அது இரண்டாகப் பிளந்தது.

துண்டுகளை லென்ஸில் பார்த்தார். பல் அடியில் சேரும் மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது. கீழே போட்ட பல்செட்டும் இப்படித்தான், ஒரு கூரான மூலையிலிருந்து விரியும். மறுபடி வார்த்தபோது மூலைகளை வழவழப்பாக்கி, உள்ளே கண்ணாடி நார் வலையையும் வைத்தார். இந்தச் சக்கரம் தாங்கியது. சத்தம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

மறுமாதம் சில்வர் பீச்சில் இறக்கினார். சார்லஸ் குனிந்து பார்த்துச் சிரித்தான். “என்னாக்கா, கியர் ரோஸ் கலர்ல இருக்கு?”

“ஈறுப்பா. ஓட்டிப் பாரு.”

கார் மணலைக் கிழித்துக்கொண்டு ஓடியது. இவ்வளவு வேகத்தை லோகநாயகியே எதிர்பார்க்கவில்லை. பார்த்த வியப்பில், சார்லஸ் நீட்டிய ரிமோட்டை வாங்கியவர் திருப்ப மறந்துவிட்டார். கார் நேராக அலைக்குள் போனது.

ராமாமிர்தம் பேன்ட்டோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அதைத் தூக்கிவந்தார். “போச்சு போ. இத்தன நாள் பட்ட பாடு.”

லோகநாயகி மணலில் உட்கார்ந்து, முதலில் பேட்டரியைக் கழற்றினார். பிறகு ஒவ்வொரு திருகாக. “தண்ணி எதுவரைக்கும் போயிருக்குன்னு பாக்கலாம், இருங்க.” முகத்தில் வருத்தமே இல்லை.

ராமாமிர்தமும் ஈரத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தார். கழற்றியதெல்லாம் வெயிலில் காய்ந்ததும், “ரிசீவருக்குள்ள அந்தப் பச்சப் பலகையில வெள்ளையா பூத்திருக்கே, அது என்னா?” என்றார்.

“உப்பு. இந்தாங்க, லென்ஸு. நீங்களே பாருங்க.”

ரிசீவர் பிழைக்கவில்லை. புதியதை வாங்கி, பலூனுக்குள் போட்டு வாயை இறுகக் கட்டியிருக்கிறார்கள். பலூன் ராமாமிர்தத்தின் யோசனை.