நாலாகப் பிரிந்த நிரல்

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலையில் ஹயாத்துக்கு வேலை. அது முடிந்து வீட்டுக்கு வந்தால் இன்னொரு வேலை. யாரும் கொடுத்ததல்ல, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

தெற்கே பேரீச்சந்தோப்புகளில் சூரிய ஒளியில் ஓடும் கிணற்று மோட்டார்களுக்கு ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. அந்தப் பெட்டிக்குள் ஓடும் ஃபர்ம்வேர் நிரலை அவளும் கல்லூரித் தோழன் நிஜாரும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தார்கள். எடுத்தவர்கள் பெருகினார்கள். திருத்தம் அனுப்புகிறவர்களும் பெருகினார்கள். ஆனால் நிஜார் கடல் கடந்து துலூஸுக்கு வேலைக்குப் போய்விட்டான். வந்து குவிவதையெல்லாம் படித்துப் பார்த்துச் சரி சொல்ல ஹயாத் ஒருத்திதான் மிஞ்சினாள்.

அப்போது நிரல் முழுக்க ஒரே ரெப்போவில், அதாவது ஒரே இணையக் களஞ்சியத்தில் இருந்தது. பிரிக்கலாம் என்றவன் நிஜார்.

"சென்சார் எழுதறவனுக்கு மோட்டார் சமாச்சாரம் எதுக்கு? அவங்கவங்க பாகத்தை அவங்கவங்க பாத்துக்கட்டும். நீயும் கொஞ்சம் தூங்கலாம்," என்றான் போனில்.

தூங்கலாம் என்ற சொல்லுக்குத்தான் அவள் தலையாட்டினாள். பெட்டி உயிர்பெறும் பகுதி, சென்சார், மோட்டார், இவற்றைச் சேர்த்துக் கட்டும் பகுதி என்று நிரல் நாலு ரெப்போக்களானது. சென்சார் பாகம் ஒரான் நகரத்து மெர்வானிடம் போனது. தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். நல்ல உழைப்பாளி, தன் பாகத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டான். கொஞ்ச காலம் ஹயாத்துக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஆகஸ்டில் தெற்கே கெபிலியிலிருந்து மொஸ்பா பெரியப்பாவின் போன் வந்தது. அவளுடைய பெட்டியை முதன்முதலில் மாட்டிக்கொண்ட தோப்புக்காரர்களில் ஒருவர். மோட்டார் எரிந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூட அவள் இங்கிருந்தே பார்த்திருப்பாள். திட்டாததால் வாடகை வேனில் இடம் பிடித்துக் கிளம்பினாள். ஜன்னல் வழியே அனல் அடித்தது. மடியில் கணினியை வைத்து நாலு ரெப்போக்களையும் மாற்றி மாற்றித் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். காபெஸ் ஊரைத் தாண்டியபோது காரணம் கிடைத்துவிட்டது.

கிணற்றில் தண்ணீர் நாற்பது சென்டிமீட்டருக்குக் கீழே போனால் மோட்டார் நிற்க வேண்டும். மெர்வான் தன் பாகத்தில் அளவை மில்லிமீட்டராக மாற்றியிருந்தான். துல்லியம் கூடும், தப்பில்லை. மாற்றியதைத் தன் ரெப்போவில் எழுதியும் வைத்திருந்தான். மோட்டார் ரெப்போவோ இன்னும் பழைய நாற்பதையே நம்பிக்கொண்டிருந்தது. முப்பது சென்டிமீட்டர் தண்ணீர் அதன் காதில் முந்நூறு என்று விழுந்தது. தண்ணீர் நிறைய இருக்கிறது என்று ஓடியது, தண்ணீர் எட்டாமல் போன பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. மோட்டார் பாகத்தின் சோதனைகளுக்கு நிஜ சென்சார் கிடையாது, பழைய அளவையே சொல்லும் போலியானதுதான். அதனால் நாலு இடத்திலும் எல்லாச் சோதனையும் பச்சை, அதாவது தேர்ச்சி.

தோப்பில் மொஸ்பா தேநீர் கொதிக்க வைத்திருந்தார். அவருக்குப் பின்னால் மரங்களில் குலைகள் சுருங்கித் தொங்கின.

"குடிம்மா முதல்ல. வெயில்ல வந்திருக்க."

அவள் குடித்தாள்.

"யார் தப்புன்னு தெரிஞ்சுதா?"

"பாத்துட்டேன் பெரியப்பா. தனித்தனியா பாத்தா யார் மேலயும் தப்பில்ல."

"அப்ப மோட்டார் தன்னைத்தானே கொளுத்திக்கிச்சாக்கும்?"

பக்கத்துத் தோப்புக்காரர் தன் பாசன முறையில் கொஞ்சம் தண்ணீர் விடுகிறார் என்றும், பாதி மரங்களாவது தேறும் என்றும் மொஸ்பாவே சொன்னார். பிறகு அவளுடைய பெட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து கொடுத்தார்.

"கோச்சுக்காத. பழைய மிதவை சுவிட்சையே மாட்டிட்டேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி இறங்கினா தானும் இறங்கும், அவ்வளவுதான்."

திரும்பும் வழியெல்லாம் அந்தத் துணிமூட்டை மடியில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், அளவு மாற்றத்தைச் சரிசெய்து எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பியது. இரண்டாவது, நாலையும் மறுபடி ஒன்றாக்கப் போகிறேன் என்று அறிவித்தது. நிஜார் உடனே கூப்பிட்டான்.

"மறுபடியும் கூட்டுக்குடும்பமா? ஒருத்தன் தும்மினா வீடே முழிச்சுக்கணும்."

"முழிச்சுக்கட்டும். போன தடவ எல்லாரும் தூங்கிட்டோம்."

"ஹயாத், சின்னச் சின்னதா இருந்ததாலதான் ஆளுங்க வந்தாங்க. இவ்வளவு பெருசா வச்சா யார் உள்ள வருவா? மெர்வான் நிப்பானா?"

"தெரியல."

"தெரியாமலே செய்யறியா?"

"ஆமா. கெபிலிக்கு நீ போய்ப் பாரு, அப்புறம் பேசலாம்."

நிஜார் பேச்சை அத்துடன் விட்டான். அவன் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்குத் தெரியும். அதுதான் இன்னும் களைப்பாக இருந்தது.

குளிர்காலம் முழுக்க அந்த வேலையில் போனது. நாலு ரெப்போக்களின் திருத்த வரலாற்றையும் ஒன்றாகப் பின்னினாள். யார் எந்த வரியை எழுதினார்களோ அவர் பெயர் அந்த வரியிலேயே நிற்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தாள். கணவன் தவ்ஃபீக் ஒரு தட்டில் ரொட்டியும் ஹரீஸா மிளகாய் விழுதும் வைத்துவிட்டு, "உன்னை அந்தப் பெட்டிக்கே கட்டி வச்சிருக்கலாம்," என்று சொல்லிப் போவான். அவளுக்குச் சிரிப்புகூட வராது.

வசந்தத்தில் ஒன்று சேர்ந்தது. இப்போது யாராவது ஓர் அளவைத் தொட்டால் மோட்டார் பாகத்தின் சோதனை அங்கேயே தோற்று அலறும். ஒருமுறை அழுத்த அளவை மாற்றிய ஒரு திருத்தம் சோதனையில் தேறாமல் அப்படியே நின்றது. அனுப்பியவர், ஒரு வரிக்கு இத்தனை கெடுபிடியா என்று கோபமாக எழுதினார். அந்தக் கோபத்தை அவள் இருமுறை படித்தாள். எங்கோ ஒரு கிணற்றில் ஒரு மோட்டார் எரியாமல் இருந்திருக்கலாம், அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

நிஜார் சொன்னதும் நடந்தது. சோதனைகள் ஓடி முடிய நேரம் பிடித்தது, புதியவர்கள் எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்கள். மெர்வான் மரியாதையாக ஒரு செய்தி அனுப்பினான். ஒன்றான ரெப்போவில் இனி எழுத மாட்டானாம். சென்சார் பாகத்தின் நகலைத் தன்னிடமே வைத்து வளர்ப்பானாம். அவன் திருத்தங்களில் வேண்டியதை அவள் எடுத்துக்கொள்ளலாமாம்.

ஆக, இனி அவன் அங்கே மாற்றுவதையெல்லாம் இவள் இங்கே கையால் கொண்டுவர வேண்டும். நாலை ஒன்றாக்கினாள், அது இரண்டாகி நிற்கிறது. மொஸ்பாவும் பெட்டியைத் திரும்பக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மதியம் மெர்வானின் நகலிலிருந்து முதல் திருத்தம் வந்தது. உண்மையிலேயே நல்ல திருத்தம். ஹயாத் கண்ணாடியைக் கழற்றி, கண்களைத் தேய்த்துவிட்டு, அதை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தாள்.