பிரிக்க இருந்த கார்

எங்கள் ஈப்போ வீட்டில் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை என் கணவரே தம் விருப்பப்படி மாற்றிக் கட்டியிருந்தார். முழங்கால் வலியால் அவரால் கிளட்சை மிதிக்க முடியாமல் போனதும் அதை விற்க முடிவு செய்தோம். கமுந்திங்கில் பழைய கார் சாமான் விற்கும் குமார், அதே மாடல் காரில் வந்து பார்த்தார்.

“முழுசா யாரும் எடுக்க மாட்டாங்க லா, அண்ணே. பிரிச்சுப் போட்டா எல்லாம் ஓடிடும்.”

நாங்களும் சம்மதித்தோம். அவர் முதலில் எஞ்சினை மூடும் போனட்டைக் கழற்றித் தம் காரில் வைத்துப் பார்த்தார். அது உட்காரவில்லை. பெரிய எஞ்சினுக்காக என் கணவர் முன்பக்கத்தையே அகலப்படுத்தியிருந்தார்.

“ரேடியேட்டர், கியர்பாக்ஸ் எல்லாம் அப்படித்தான்,” என்றார் கணவர், மெதுவாக.

“அப்ப பிரிச்சா இரும்புக் கடைக்குத்தான் போகும். திரும்ப மாட்டுங்க குமாரு,” என்றேன்.

“அக்கா என் பொழப்புல மண்ணப் போட்டுட்டாங்க,” என்று சிரித்தபடியே மாட்டிக் கொடுத்தார்.

முழுக் காராகவே விளம்பரம் கொடுத்தோம். தஞ்சோங் மாலிமிலிருந்து ஒரு மெக்கானிக் பெண் வந்தார். எஞ்சினைக் குனிந்து பார்த்தவர், “யாரு அண்ணே இத செஞ்சது?” என்று கேட்டார். கணவர் பள்ளிப் பிள்ளைபோல் கையை உயர்த்தினார். அந்தப் பெண் பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தார். என் கணவரை அந்தக் காரிலேயே பக்கத்தில் உட்காரவைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.

இப்போதெல்லாம் எதையும் பிரித்து விற்கச் சொன்னால், முதலில் ஒரு பாகத்தை வேறொன்றில் பொருத்திக் காட்டச் சொல்கிறேன்.