சாயந்தரம் என்ன கொழம்பு?

ஜீப்பில் என் பக்கத்தில் தூக்குச்சட்டியை வைத்து, எங்கள் தெரு வேலுத்தாய் அக்காவுக்கு இடம் பிடித்திருந்தேன். டிரைவர் அண்ணன் வந்து, "சட்டிய எடுத்துருத்தா. வேலுத்தாய் மதினி ராத்திரி தவறிட்டாக" என்றார். காய்ச்சலில் படுத்திருந்த அக்கா, காலையில் வேலைக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். நானும் நம்பினேன், பாவி.

சுருளிப்பட்டியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். அவருடைய வாயும் தெரியும். கம்பம்மெட்டு ஏற்றத்தில், அந்தப் பெரிய வளைவில் அவர் ஏன் தினமும் என்னிடம் குழம்பைப் பற்றிக் கேட்டார் என்பது பலருக்குத் தெரியாது.

அங்கேதான் நாங்கள் போன ஜீப் முன்பு கவிழ்ந்தது. அக்காவின் வீட்டுக்காரரும் என் தங்கச்சியும் போய்விட்டார்கள். அதில் போன எங்கள் தெருக்காரர்களில் மிஞ்சியது நாங்கள் இருவர்தான்.

அதன்பிறகு ஜீப் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அடுப்பெரியாத நிலை வந்தும் ஏற முடியவில்லை. ஒருநாள் அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்தார். "அடியே, உன்னப் பாத்து நானும் உக்காந்துட்டா நமக்கு ஆரு கஞ்சி ஊத்துவா? என் பக்கத்துல உக்காரு, வா." அழுதுகொண்டேதான் ஏறினேன்.

வளைவு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அக்கா தொடையில் கிள்ளி, "சாயந்தரம் என்ன கொழம்பு வைக்கப் போற?" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தங்கச்சி செத்த எடத்துல கொழம்பக் கேக்குறீகளே, நீங்கள்லாம் மனுசியா?"

"கத்து. கத்தி முடிச்சுட்டுச் சொல்லு."

"கத்தரிக்கா" என்றேன். அதற்குள் ஜீப் வளைவைத் தாண்டியிருந்தது.

மறுநாளும் கேட்டார். பிறகு வருடக்கணக்கில் கேட்டார். "ஒங்களுக்குப் பயமே கெடையாதாக்கா?" என்றேன் ஒருமுறை.

"இல்லாம இருக்குமா? நீ பதில் சொல்றதக் கேட்டுக்கிட்டேதான நானும் அந்த எடத்தத் தாண்டுறேன்."

அதுவரை, நான் மட்டும்தான் அவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து இன்றுதான் வேலைக்குப் போனேன். ஜீப் நிறைய ஆட்கள். வளைவு வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த நாளைப் பற்றி என்னோடு பேச இனி ஊரில் ஒருவரும் இல்லை. அக்கா எனக்கென்று விட்டுப்போனது அந்தக் கேள்வி ஒன்றுதான். நான் கண்ணை மூடவில்லை.

"புளிக்கொழம்புக்கா" என்று உரக்கச் சொன்னேன். எதிரே இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.